ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் மல்டிமீட்டரை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன், பெட்ரோல் வண்டி. வாரத்தில் நாலு நாளாவது புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய் வருவேன். போன மாதம் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள், பி0135, பி0141 என்று இரண்டு கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) வந்தது. ஆக்சிஜன் சென்சார் (புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளப்பது, புகைக் குழாயில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும்) போய்விட்டது என்று சொல்லி முன் சென்சாரை மாற்றி 5,200 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் இரண்டாவது ட்ரிப்பிலேயே விளக்கு திரும்ப வந்துவிட்டது. கேட்டால், பின்னால் இருப்பதையும் மாற்றணுமாம்.

மனசு கேட்காமல் புனலூரில் கடை வைத்திருக்கும் நம்ம ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். கோடைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு ஹீட்டரும் ஒரே நாள்ல எப்படி அண்ணாச்சி போகும்?"

விஷயம் இதுதான். அந்தச் சென்சார் சுமார் 300 டிகிரி சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புகையின் சூட்டுக்காகக் காத்திருக்காமல் சீக்கிரம் சூடாக்கத்தான் உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பி0135 முன் ஹீட்டரின் சர்க்யூட், பி0141 பின் ஹீட்டரின் சர்க்யூட். சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), ஹீட்டர், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துத்தான், இதில் எது போனாலும் அதே கோடுதான் வரும். பல வண்டிகளில் இரண்டு ஹீட்டருக்கும் ஒரே ஃபியூஸ்.

அவர் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஹீட்டர் ஒயரில் மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் பார்க்கும் கருவி) வைத்தார். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை (சில வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் வருமாம், அதையும் ஓடவிட்டுப் பார்த்தார்). ஃபியூஸ் போயிருந்தது. புதுசு போட்டதும் அதுவும் பட்டென்று போனது. அப்புறம் அடியில் படுத்து ஒயரைத் தடவிக்கொண்டே போனார். ஒரு கிளிப் உடைந்து, ஒயர் தொங்கி, சைலன்சர் குழாயில் உரசி, மேல்தோல் உருகிச் செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. அது குழாயில் பட்டு ஷார்ட் ஆகித்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. உருகிய இடம் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. ஒட்டுப் போட்டு ஸ்லீவ் மாட்டி, தள்ளிக் கட்டினார். 350 ரூபாய். டிக்கியில் கிடந்த பழைய சென்சாரை எடுத்து, நாலு ஒயரில் ஒரே நிறமாக இருந்த இரண்டு வெள்ளை ஒயர்களுக்கு நடுவே ஓம் (மின்தடை) பார்த்தார், ஆறரை காட்டியது. ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. நல்ல சென்சாரைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். மீட்டரில் 12 காட்டினாலும் நம்பக்கூடாது, பச்சை பூத்த கப்ளர் வோல்ட்டைக் காட்டும், லோடு தாங்காது, அதனால் டெஸ்ட் லேம்ப் போட்டு முழு வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கணும். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் ஓடும் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விளக்கை அப்படியே விடுகிறவர்களும் எங்கள் ஸ்டாண்டில் உண்டு. சென்சார் சூடாகும் வரை கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும், புகை கூடும். அப்படியே ரொம்ப நாள் ஓட்டினால் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். அதன் விலைக்குச் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

ஒர்க்‌ஷாப்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால், ஹீட்டர் ஒயரில் எத்தனை வோல்ட் வந்தது, பழைய ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது என்ற இரண்டு எண்ணையும் பில்லில் எழுதுங்கள், கழற்றிய சென்சாரையும் கையில் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை. ஓட்டுகிறவர்களும் இதைக் கேட்டு வாங்கணும். உங்கள் நாளிதழ் வாகனப் பக்கத்தில் இதைப் படத்தோடு போட்டால் எங்கள் ஸ்டாண்டிலேயே வெட்டி ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
செங்கோட்டை