கரத்தை ரோட்டைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தாத்தாவுக்கும், அவர் மகள் அக்காவுக்கும், கூட நின்று கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

புசல்லாவைக்கு மேலே மலைமுகட்டிலிருந்து கொத்மலைப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பழைய கரத்தை ரோட்டின் (மாட்டு வண்டிப் பாதையின்) தடம், நடுவில் ஒரு துண்டு தவிர, கிடைத்துவிட்டது. யார் யாரால் கிடைத்தது என்பதை ஊரறியச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி தாத்தாவுக்கு. தாத்தா, பாதை எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அரை புசல் அரிசியைத் தலையில் வைத்து எந்த வழியாக வந்தீர்கள், சுமையை எங்கே இறக்கினீர்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள், பிரேதம் தூக்கியவர்கள் எந்த முடக்கில் (வளைவில்) தோள் மாற்றினார்கள், காவடி எங்கே நின்று ஆடியது என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டதும் நீங்கள் முழுப் பாதையையும் வரிசை பிசகாமல் சொன்னீர்கள். மூத்தவர்களிடம் வழி கேட்கப் போகிறவர்கள் அக்காவின் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரிசை பிசகுவதில்லை, தூரம்தான் பிசகும். வெறுங்கையோடு கூப்பிடு தூரமாக இருப்பது சுமையோடு அரை மணி நேரம். அதனால் தாத்தா சொன்ன ஒவ்வொரு இடத்தையும் அதற்கு முந்திய இடத்தோடும் பிந்திய இடத்தோடும் சேர்த்துத்தான் எழுதி வைத்தோம்.

வருசமும் அப்படித்தான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு (1964) முன்பா பின்பா, தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலமா (1972, 1975) என்று கேட்டால் சரியான பதில் வரும். மாட்டுக் கரத்தை ஓடியது முதலாவதற்கு முன்பு, பாதையில் புல் மண்டியது இரண்டாவதற்குப் பின்பு என்று தாத்தா பிரித்துச் சொன்னது பெரிய உதவி.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத் தாளைத் தேடித் தந்த தம்பிக்கு அடுத்த நன்றி. ஓர் அங்குலம் ஒரு மைல் என்ற கணக்கில் வரைந்த அந்தத் தாள்களில் கரத்தை ரோடும் ஒற்றையடிப் பாதையும் வேறு வேறு கோடாக இருக்கும். ஆனால் அவை கந்தவல என்ற பழைய ஆதாரத்தில் (இடங்களைக் குறிக்கும் அடிப்படைக் கணக்கில்) வரையப்பட்டவை, கைத்தொலைபேசியின் ஜீபிஎஸ் பயன்படுத்துவது வேறு ஆதாரம். மாற்றிக் கணக்குப் போடாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கோடு கிழக்கு மேற்காக நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். மலையில் அவ்வளவு தள்ளினால் பக்கத்துக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிவிடுவீர்கள். தம்பி அதை முன்கூட்டியே மாற்றித் தந்தார்.

தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் தண்ணி டியூப் கொண்டுவந்த மேசன் அண்ணனுக்கும் நன்றி. காட்டுக்குள் கரத்தை ரோட்டை அடையாளம் காண அதைவிட நல்ல சாமான் இல்லை. சுமை ஏற்றிய மாடு ஏறுவதற்கு ஏறத்தாழ இருபதடிக்கு ஓரடி ஏற்றம்தான் தாங்கும். டியூபின் இரு முனைகளையும் இருபதடி இடைவெளியில் பிடித்து நீர்மட்டம் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று நான்கடி ஏறினால் அது கொழுந்து மலைக் குறுக்குப் பாதை. கூடவே மேட்டுப் பக்கம் கான், பள்ளத்துப் பக்கம் சாந்து இல்லாத கல்லுக்கட்டு, முடக்கில் அகலம் கூடுவது, இந்த மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கவ்வாத்துக் கத்தியோடு வந்த பொடியன்மார் திறந்துவிட்ட மதகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, மேலே பலகைக்கல் போட்ட சின்ன மதகு. மேல்வாய் மண்ணும் பிளாஸ்டிக் போத்தலுமாக அடைத்துக் கிடந்தது. இந்த ரோடுகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். வாய் அடைத்தால் தண்ணீர் ரோட்டின் மேலே ஓடும், பள்ளத்துப் பக்கக் கல்லுக்கட்டின் அடியை அரிக்கும், ஒரு பெரிய மழையில் முழுத் துண்டும் சரியும். துப்புரவு செய்பவர்கள் கீழ்வாயை முதலில் திறக்க வேண்டும். மேல்வாயை முதலில் திறந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி நின்று பக்கக் கல்லைத் தள்ளிவிடும். கல்லுக்குள் புகுந்த ஆல வேரைப் பிடுங்கக் கூடாது, வெளியே நிற்பதை மட்டும் வெட்டிவிட வேண்டும். பொடியன்மார் ஒரு கல்லும் அசையாமல் வேலையை முடித்தார்கள்.

கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு, எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று தினமும் சொல்லியனுப்பியதற்கு நன்றி. அந்த மரங்களைச் சுற்றி வளைத்துத்தான் போனோம். வாசனைத் தைலம் பூச வேண்டாம், கூட்டுக்குக் கீழே புகை போட வேண்டாம், கலைந்தால் தலையை மூடிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவர்கள் சொன்னதை எல்லோரும் கேட்டு வையுங்கள். பல இடத்தில் கொட்டு வாங்கினால் வலி அடங்கட்டும் என்று பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். அட்டைக்கு ஈரச் சவர்க்காரம் கெண்டைக்காலில் பூசினால் போதும், மழையில் கரைந்தால் மறுபடி பூச வேண்டும். பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பிகளைக் காட்டிய காவல்கார ஐயாவுக்கும், தோட்டத்துக்குள் நடக்க எழுத்தில் அனுமதி தந்த முகாமையாளருக்கும் நன்றி.

கீழ்க்கிராமத்துச் சீயா (சிங்களத் தாத்தா) இல்லாவிட்டால் அம்பலம் (வழிப்போக்கர் தங்கும் மடம்) கிடைத்திருக்காது. மானாப் புல்லுக்குள் நான்கு மூலைக்கல் மட்டும்தான் மிச்சம். அங்கே மூட்டை மாற்றுவார்கள் என்று அவர் சிங்களத்தில் சொன்னதும் தாத்தா தமிழில் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. ரயில் கண்டிக்கு 1867இலும் நாவலப்பிட்டிக்கு 1874இலும் வந்தது. அதுவரை கம்பளைப் பக்கம் இறங்கிய மூட்டை, பின்பு பள்ளத்தாக்கைக் கடந்து நாவலப்பிட்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. ரோட்டின் இரண்டு கிளைகளும் அம்பலத்தடியில் பிரிவதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

கீழ்க்கிளையின் கடைசித் துண்டு, 1985இல் திறந்த கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தெரியுமளவு நீர் வற்றும்போது அந்தத் துண்டும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சேறு காயாமல் யாரும் இறங்க வேண்டாம், மேலே காய்ந்த ஓடு போலிருந்தாலும் உள்ளே முழங்கால் வரை இழுக்கும்.

கிடைக்காத நடுத்துண்டு, தாத்தா சொன்ன இரண்டாவது தண்ணீர்ப் பீலிக்கும் பழைய கோப்பி ஸ்டோருக்கும் இடையில். அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போன பாட்டிமார், தாத்தாமார் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தால் சொல்லியனுப்புங்கள். வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

தாத்தா, நீங்கள் சொன்ன பெயர்களையெல்லாம் சொன்னபடியே வரைபடத்தில் எழுதி, ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். திருத்தம் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பாதை தேடிய பக்கத்து லயத்தார்