கரண்ட்டை நேரா மாவுக்குள்ள விடுற ரொட்டி: நம்ம பிளக்குல 230 வோல்ட் இருக்குங்கறதை யாரும் சொல்லல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சிறுவர் பக்கத்துல ஜப்பான்காரங்க அடுப்பே இல்லாம ரொட்டி சுட்ட கதை வந்திருந்துச்சு, ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் உலோகத் தகடு வச்சு நடுவுல மாவை ஊத்தி கரண்ட் குடுத்தா மாவு தானா வெந்துடும்னு. விஷயம் உண்மைதான், படம்லாம் போட்டு அழகாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா கடைசில "ஒரு காலி பால் அட்டைப்பெட்டி, ரெண்டு தகடு, ஒரு பழைய பிளக் வயர் இருந்தா நீங்களும் வீட்டுல செஞ்சு பாக்கலாம்"னு ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அந்த வரிக்காகத்தான் இதை எழுதறேன். ஐடிஐ-ல எலக்ட்ரீஷியன் டிரேடுக்கு பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவன் நான், அந்த வரியைப் படிச்சதுலருந்து எத்தனை பசங்க வீட்டுல ஒயர் தேடிட்டு இருப்பாங்களோன்னுதான் மனசு அடிச்சுக்குது.

முதல் விஷயம், ஜப்பான்ல வீட்டு கரண்ட் 100 வோல்ட். நம்ம ஊர்ல 230. பாக்க ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலன்னு தோணும், ஆனா சூடு வோல்ட்டேஜ் கூடுற அளவுக்கு மட்டும் கூடாது, அதோட வர்க்கத்துக்கு, அதாவது 2.3-ஐ 2.3-ஆல பெருக்கற மாதிரி கூடும். அதே பெட்டி, அதே மாவு, அதே தகடு, அங்க சொருகினதை இங்க சொருகினா கிட்டத்தட்ட 5 மடங்கு சூடு. அது மட்டும் இல்ல, மாவுக்குள்ள கரண்ட்டைக் கடத்துறது உப்பும் ஆப்பசோடாவும் தண்ணில கரைஞ்சு வர்ற அயனிகள்ங்கற மின்னூட்டமுள்ள துகள்கள், சூடு ஏற ஏற அதுங்க இன்னும் வேகமா ஓடும், டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் வீதம் கடத்துற திறன் கூடிட்டே போகும். அதனால 30 டிகிரில ஆரம்பிச்ச மாவு 80, 90 டிகிரிக்கு வர்றப்ப ஆரம்பத்துல இழுத்த மாதிரி ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ஏற்கனவே 5 மடங்கு, அது மேல இது வேற. மாவு பொங்கி வழியும், தகடு ஓரத்துல பொறி பறக்கும், அட்டைப்பெட்டி ஓரம் கருகும். ஜப்பான் வீடியோவைப் பாத்துட்டு இங்க செஞ்சா இதுதான் நடக்கும், அங்க அமைதியா வெந்ததேன்னு இங்கயும் நம்பி உக்கார முடியாது.

ரெண்டாவது, ஷாக். அந்தத் தகடு ரெண்டும் மூடாத தகடு, இன்சுலேஷன் எதுவும் கிடையாது, ஒண்ணு கரண்ட் வர்ற ஃபேஸ், ஒண்ணு கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல், ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினா எது ஃபேஸ்னும் மாறிடும். மாவும் ஈரம், கையும் ஈரம். வீட்டுல எம்சிபி இருக்குல்லன்னு பலபேர் கேப்பாங்க. எம்சிபி இருக்கறது ஒயர் எரியாம பாத்துக்க, அது 16 ஆம்பியர் தாண்டினாத்தான் யோசிக்கும், நெஞ்சு வழியா 0.1 ஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. சரி, ஆர்சிசிபி இருக்கேன்னா, அது நல்ல சாதனம்தான், ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கணும், ஒருத்தர் ஃபேஸைத் தொட்டு கரண்ட் அவர் உடம்பு வழியா தரைக்கு இறங்கினா 30 மில்லி ஆம்பியர்ல கட் பண்ணிடும். ஆனா பையன் ஒரு கைல இந்தத் தகட்டையும் இன்னொரு கைல அந்தத் தகட்டையும் புடிச்சு "வெந்துடுச்சா"ன்னு பெட்டியைத் தூக்கினான்னு வைங்க, கரண்ட் ஒரு கை வழியா போயி நெஞ்சைத் தாண்டி மறு கை வழியா நியூட்ரலுக்கே திரும்பிடும். போனதும் வந்ததும் சமமா இருக்கும். ஆர்சிசிபிக்கு அது ஒரு பல்பு எரியுற மாதிரிதான் தெரியும், ட்ரிப்பே ஆகாது. இதை நான் எத்தனையோ பேட்ச் பசங்களுக்கு போர்டுல வரைஞ்சு வரைஞ்சு சொல்லியிருக்கேன், ஏன்னா வேலைல இருக்கற எலக்ட்ரீஷியன்லயே நிறைய பேருக்கு இது தெரியாது. பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச யாரைக் கேட்டாலும் பிளேடு ஹீட்டர் பத்தி சொல்லுவாங்க, ரெண்டு ஷேவிங் பிளேடைத் தண்ணிக்குள்ள விட்டு டீக்கும் நூடுல்ஸுக்கும் தண்ணி கொதிக்க வைக்கறது. தண்ணி சரியா சூடாகலன்னா ஒரு சிட்டிகை உப்புப் போடுவாங்க. அதுவும் இதே தத்துவம்தான், பிளேடு சூடாகறதில்ல, ரெண்டு பிளேடுக்கு நடுவுல இருக்கற தண்ணியே சூடாகுது. வார்டன்கள் ரெய்டு பண்ணிப் புடுங்கறதைப் பசங்க கொடுமைன்னு நினைப்பாங்க, அது கொடுமை இல்ல, அந்தத் தண்ணிக்குள்ள முழு மெயின்ஸ் வோல்ட்டேஜ் நிக்குது.

இனி அந்த வரலாறு. அது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், அதைத் தப்பாப் போட்டா வருத்தமா இருக்கு. போர்க்களத்துல ஜப்பான் வீரர்கள் டேங்க் பேட்டரில ரொட்டி சுட்டாங்க, அதுலருந்துதான் பாங்கோங்கற ரொட்டித்தூள் வந்துச்சுன்னு கட்டுரைல இருக்கு. இந்தக் கதை உலகம் பூரா சுத்துது, கணக்குப் போட்டுப் பாத்தா நிக்கல. பேட்டரின்னா 12 வோல்ட், இல்ல 24. 100 வோல்ட்டுல வேகற மாவுக்கு 24 வோல்ட் குடுத்தா சூடு 17-ல ஒரு பங்குதான் வரும், மாவு வெதுவெதுன்னு ஆகறதோட சரி. அது போக பேட்டரி டிசி, ஒரே திசைல ஓடற கரண்ட், அதை உப்பு மாவுக்குள்ள விட்டா ஒரு தகட்டுல உலோகம் கரைஞ்சு மாவுல இறங்கும், அதை யாரும் வாயில வைக்க முடியாது. ஆனா ஜப்பான் ராணுவத்துக்கிட்ட 1930-கள் கடைசிலயே ஜெனரேட்டரோட ஒரு சமையல் லாரி இருந்துச்சு, பெட்டிக்குள்ள தகடு வச்சு அரிசிக்கும் தண்ணிக்கும் நேரா கரண்ட் விட்டு சோறாக்கற அமைப்பு அதுல உண்டு. டேங்க் கதைக்கு வேர் அங்கதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

போர் முடிஞ்ச 1945, 46-ல தான் இது சாதாரண வீடுகளுக்கு வந்துச்சு. அரிசி இல்ல, கேஸ் இல்ல, கரி இல்ல, ஆனா ஆயுத ஃபேக்டரி எல்லாம் நின்னு போனதால கரண்ட் மட்டும் மிச்சம் இருந்துச்சு. ஜனங்க மரப்பெட்டில ரெண்டு பக்கம் தகடு அடிச்சு, ரேஷன் கோதுமை மாவோ சோள மாவோ எது கிடைச்சுதோ அதுல உப்பும் சோடாவும் கலந்து ஊத்தி ரொட்டி பண்ணிக்கிட்டாங்க. வெந்து முடிஞ்சா தண்ணி வத்திப்போயி கரண்ட் தானா குறைஞ்சிடும், டைமர் தேவையில்ல. பசில இருந்த ஒரு நாடு கண்டுபிடிச்ச வழி அது. அதை "ஜாலியா செஞ்சு பாருங்க"ன்னு சொல்றப்ப அந்த ஜனங்களோட கஷ்டமும் காணாமப் போகுது, அவங்க எடுத்த ரிஸ்க்கும் காணாமப் போகுது.

அதே சமயத்துல டோக்கியோவுல பாதி இடிஞ்ச ஊருக்குள்ள ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடத்துல மசாரு இபுகான்னு ஒரு இன்ஜினியர் சின்ன கம்பெனி ஆரம்பிச்சு, மரத்தொட்டி அடில அலுமினியத் தகடு பதிச்சு ஒரு ரைஸ் குக்கர் பண்ணினாரு. சோறு ஒரு நேரம் குழையும், ஒரு நேரம் வேகாது, அரிசி மாறினா மாறும், தண்ணி அளவு மாறினா மாறும், கடைசில விக்கவே இல்ல. அந்தக் கம்பெனிதான் பின்னாடி சோனி ஆச்சு. நல்ல இன்ஜினியர்களே சோத்துக்கு நேரா கரண்ட் விடறதை கட்டுப்படுத்த முடியாம விட்டுட்டாங்க. 1955 டிசம்பர்ல தோஷிபா கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் குக்கர், இன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கறது, எல்லாமே அடில தனியா ஹீட்டர் வச்சதுதான், கரண்ட் சோத்தைத் தொடறதே இல்ல.

பாங்கோ மட்டும் நின்னுச்சு, அதுக்குக் காரணம் இருக்கு. தண்ணி இருக்கற வரைக்கும் மாவு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால ஓரம் சிவக்கவே சிவக்காது, உள்ளயும் வெளியயும் ஒரே வெள்ளை. தோல் இல்லாத அந்த ரொட்டியைத் துருவினா மெல்லிசா நீட்டமா தூள் வரும், எண்ணெய்ல போட்டா மொறுமொறுன்னு நிக்கும். ஜப்பான் ஃபேக்டரிகள்ல இன்னைக்கும் இந்த முறை உண்டு, ஓவன்ல சுடற முறையும் தனியா உண்டு. இப்ப நம்ம சூப்பர் மார்க்கெட்லயும் பாக்கெட் கிடைக்குது.

தகடு பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். வீட்டுல கையில கிடைக்கறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்ல அலுமினிய ஃபாயில். வீட்டு கரண்ட் திசை மாறி மாறி ஓடற ஏசி கரண்ட்டா இருந்தாலும், நொடிக்கு 50 சுற்று வர்ற 50 ஹெர்ட்ஸ்ல உப்பு மாவோட சேந்தா ஸ்டெயின்லெஸ் தகடு அரிக்கும், அதுலருந்து குரோமியமும் நிக்கலும் மாவுல இறங்கும். சாதாரணமா தட்டுல சாப்பிடறப்ப ஒண்ணும் ஆகாத அதே ஸ்டீல்தான், கரண்ட் ஓடறப்ப கதை வேற. அதனாலதான் இந்தத் தொழில்ல டைட்டானியம் தகடு போடறாங்க, அந்தச் சுற்று எண்ணிக்கையான ஃப்ரீக்வென்சியையும் கூட்டி வைக்கறாங்க. உங்க கட்டுரைல "தகடு"ன்னு மட்டும் போட்டிருக்கு, செஞ்ச ரொட்டியைச் சாப்பிடலாம்னும் போட்டிருக்கு.

இதையெல்லாம் சொல்றதால இந்த முறையே ஆபத்து, பேசவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. எனக்கு இது மேல அவ்ளோ மரியாதை. 1920, 30-கள்ல அமெரிக்காவுல பாலைக் கார்பன் தகடுகளுக்கு நடுவுல ஓடவிட்டு சூடாக்கி, கிருமி சாகற மாதிரி பாஸ்ச்சுரைஸ் பண்ணினாங்க. 1980-கள்ல இங்கிலாந்துல கேப்பன்ஹர்ஸ்ட்ங்கற இடத்துல மின்சாரக் கவுன்சிலோட ஆராய்ச்சி மையம் இதைத் திரும்பக் கையில எடுத்துச்சு, ஏன்னா காய் துண்டு போட்ட சூப்பை டின்ல அடைச்சு வெளியிலருந்து சூடாக்கினா துண்டோட நடுப்பகுதி வேகறதுக்குள்ள ஓரம் கூழாகிடும், கரண்ட்டை உள்ள விட்டா துண்டும் சாறும் ஒண்ணா சூடாகும். ஆனா அதுலயும் கொழுப்புக் கட்டி மாதிரி கரண்ட் கடத்தாத துண்டு ஒண்ணு நடுவுல மாட்டினா அது மட்டும் சூடாகாம நிக்கும், கிருமி அதுக்குள்ள பொழைச்சுக்கும், அதுக்காகவே வருஷக்கணக்கா ஆராய்ச்சி ஓடுது. ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில சுதிர் சாஸ்திரிங்கற பேராசிரியர் இதுலயே வேலை செஞ்சவர், விண்வெளி வீரர்கள் நீண்ட பயணத்துல சாப்பாட்டைப் பைக்குள்ளயே சூடு பண்ணிக்கற மாதிரி, பைலயே தகடு வச்சு அவங்க குழு பண்ணினாங்க. நம்ம தஞ்சாவூர்லயே உணவுத் தொழில்நுட்பத்துக்குன்னு மத்திய அரசு நிறுவனம் இருக்கு, உங்க நிருபர் ஒருத்தரை அங்க அனுப்பிப் பேசி எழுதச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு ஒரு பக்கம் இல்ல, நாலு பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும்.

அமெரிக்காவுல 1960, 70-கள்ல வீட்டுக்கே ஒரு சாதனம் வித்தாங்க, பிரெஸ்டோ ஹாட்டாகர்னு பேரு, சாசேஜை ரெண்டு முனையிலயும் உலோக ஊசில குத்தி வச்சா ஒரு நிமிஷத்துல சூடாகிடும். அதுல கூட மூடியை மூடினாத்தான் கரண்ட் வரும்னு வச்சிருந்தாங்க, அதுவும் 120 வோல்ட்ல. பால் அட்டைப்பெட்டிக்கு அப்படி ஒரு மூடி கிடையாது.

பிள்ளைங்க செஞ்சு பாக்கணும்னு ஆசைப்பட்டா அதுக்கு ஒரு வழி இருக்கு, அதை நீங்க போடலாம். ஸ்கூல் லேப்ல, டீச்சர் பக்கத்துல நின்னுக்கிட்டு, பிளக்குல நேரா சொருகாம வோல்ட்டேஜைக் குறைக்கற 24 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வச்சு, ஒரு சின்ன பீக்கர்ல 100 மில்லி உப்புத்தண்ணி, ரெண்டு தகடு, ஒரு தெர்மாமீட்டர். கரண்ட் 1 ஆம்பியர் வர்ற மாதிரி உப்பை அட்ஜஸ்ட் பண்ணினா 24 வாட், 5 நிமிஷத்துல தண்ணி சுமார் 17 டிகிரி ஏறும். அப்புறம் புதுத் தண்ணில அதே அளவு உப்புப் போட்டு, அதே தகடு, 12 வோல்ட் மட்டும் குடுங்க. பாதி ஏறும்னு பசங்க சொல்லுவாங்க, ஏறறது 4 டிகிரிதான். 1841-ல ஜூல்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி கரண்ட் தர்ற சூட்டைப் பத்தி எழுதி வச்ச விதியைப் பிள்ளைங்க தன் கண்ணால பாத்துடுவாங்க, 100 வோல்ட் பெட்டியை 230-ல ஏன் சொருகக்கூடாதுன்னும் அவங்களுக்கே புரிஞ்சிடும். அந்தத் தண்ணியைக் கீழ ஊத்திடணும், குடிக்கக் கூடாது, அதையும் சேத்துப் போடுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமையே, அதே சிறுவர் பக்கத்துல, அதே அளவு எழுத்துல "அந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்"னு போடணும்னு கேட்டுக்கறேன். உள் பக்கத்துல ஓரமா திருத்தம்னு ரெண்டு வரி போட்டா பெரியவங்கதான் பாப்பாங்க, கட்டுரையை வெட்டி நோட்டுல ஒட்டி வச்ச பிள்ளை பாக்காது. இணையப் பதிப்புலயும் அந்தக் கடைசிப் பத்தியை இன்னைக்கே எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐடிஐ எலக்ட்ரீஷியன் பயிற்றுநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்