கறுப்பு நாயும் புயலில் மாண்டவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிளைத்பர்க் கிராமத்தின் பேய் நாயைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ‘பிளாக் ஷக்’ எனப்படும் அந்தக் கறுப்பு நாயின் கதை எனக்கு நெடுநாளாகவே விருப்பமானது. ஆனால், கட்டுரையில் நாய்க்குக் கிடைத்த இடத்தில் ஒரு சிறு பங்குகூட அன்று உயிரிழந்தவர்களுக்குக் கிடைக்காதது என்னை வருத்தியது.

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, பிளைத்பர்க்கிலும் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பங்கே என்ற சிற்றூரிலும் மக்கள் தேவாலயத்தில் கூடியிருந்தபோது இடியும் மின்னலுமாகப் பெரும் புயல் தாக்கியது. மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்த இருவரின் கழுத்தைப் பங்கேயில் ஒரு கறுப்பு நாய் முறித்ததாகவும், பிளைத்பர்க்கில் இரண்டு ஆண்களையும் ஒரு சிறுவனையும் அது கொன்றதாகவும் எழுதியவர் ஆபிரகாம் ஃபிளெமிங். மக்களை மனந்திரும்ப அழைப்பதற்காக லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் அது. பங்கே தேவாலயப் பதிவேடோ, ஜான் ஃபுல்லர், ஆடம் வாக்கர் என்னும் இருவர் வழிபாட்டு வேளையில் மணிக்கூண்டில் புயலுக்குப் பலியானார்கள் என்று மட்டுமே குறிக்கிறது. நாயைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஒருவரின் உடல் தீயில் பட்ட தோலாகச் சுருங்கியதையும் கடிகாரத்தின் கம்பிகளும் சக்கரங்களும் முறுகி உடைந்ததையும் ஃபிளெமிங்கே விவரிக்கிறார். அவற்றைப் படிக்கும் எவருக்கும் மின்னல்தான் நினைவுக்கு வரும்.

பிளைத்பர்க் தேவாலயத்தின் வடக்குக் கதவிலுள்ள கருகிய தடங்களை நாயின் நகக்குறிகள் என்று கட்டுரையாளர் உறுதிபட எழுதியிருப்பதும் சரியன்று. உள்ளூர் நம்பிக்கை என்று அதைச் சொல்லலாம். இத்தகைய தடங்கள் இங்கிலாந்தின் பழைய கட்டடங்கள் பலவற்றில் காணப்படுகின்றன; அவற்றுள் பல, தீயும் தீமையும் அணுகாதிருக்க வேண்டும் என்று மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டி வேண்டுமென்றே இடப்பட்டவை என்று கட்டட ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காப்புக்காக இடப்பட்ட குறிகளையே பேயின் தடமாக மக்கள் பின்னாளில் கொண்டிருக்கக்கூடும் என்பது, என்னைப் பொறுத்தவரை, பேய்க்கதையைவிட வியப்பூட்டுகிறது.

கதையை மறுப்பது என் நோக்கமன்று. பங்கே மக்கள் தங்கள் ஊர்ச் சின்னத்திலேயே அந்த நாயைப் பொறித்துப் போற்றுகிறார்கள்; அந்தப் பற்று மதிக்கத்தக்கது. பதிவேட்டில் உள்ள செய்தியையும் அந்த இருவரின் பெயர்களையும் கட்டுரையின் பிற்சேர்க்கையாக அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்