கென்ட் நகரத்துக் கயிறும் உங்கள் உதவியும்

போன ஞாயிறு நம் வாசிப்பு வட்டத்தில் கென்ட் (Ghent, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது) நகரத்தில் 1539இல் நடந்த கலகம் பற்றி நான் பேசியதைக் கேட்க வந்தவர்களுக்கும், அதற்கு முன்னால் இரண்டு மாதம் என் தொல்லையைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

முதல் நன்றி டச்சுப் பக்கங்களைப் படித்துச் சொன்ன நண்பருக்கு. நகரத்தின் உரிமைகளைக் கட்டிப்போட்ட 'கன்றுத்தோல்' என்ற சாசனத்தை, அந்தப் பகுதியை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கிழித்தெறிந்தார் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அப்படியே தலைகீழ்! 1515இல் அதைத் திணித்தது சார்லஸ் தரப்பு, 1539இல் அதைக் கிழித்தவர்கள் கைவினைச் சங்கத்தார். நல்லவேளை, மானம் தப்பியது.

"கலகம் என்கிறாயே, எதற்குக் கலகம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த அக்காவுக்கும் நன்றி. அந்தக் கேள்வியால்தான் 1537க்குப் போனேன். பிரான்சோடு போர், கென்ட் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் மாகாணம் 4 லட்சம் கில்டர் (அந்தக் கால நாணயம்) தர வேண்டும் என்று சார்லஸின் தங்கை மேரி கேட்கிறார், அவர்தான் அங்கே ஆளுநர். கென்ட் மட்டும், வேண்டுமானால் ஆள் அனுப்புகிறோம், பணம் கிடையாது என்கிறது. அப்புறம், சங்கத்தாரை நான் ஒரேயடியாக வீரர்களாக்கப் பார்த்தபோது, "லீவன் பெய்னை மறந்துட்டியா?" என்று கேட்டவரும் அக்காதான். சங்கத் தலைமையில் இருந்த அந்தக் கிழவரைச் சித்திரவதை செய்து தலையை வெட்டியதும் இதே சங்கத்தார்தான். அந்தப் பத்தியை எழுத எனக்கு மனசே வரவில்லை, ஆனால் அது இல்லாமல் பேசியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் தம்பி, உனக்குத்தான் பெரிய நன்றி. லீவு நாளில் பிரின்சென்ஹோஃப் அரண்மனை இருந்த இடம் வரைக்கும் நடந்துபோய், அதில் மிஞ்சி நிற்கும் அந்த ஒற்றை வாசலை மழையில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினாய். 1500இல் சார்லஸ் பிறந்தது அந்த அரண்மனையில்தான். அதற்குள் போரை நிறுத்தியிருந்த பிரான்சு மன்னர் வழிவிட, படையோடு வந்து 1540 பிப்ரவரியில் ஊருக்குள் நுழைந்தவர், மே 3ஆம் தேதி சொந்த ஊர்க்காரர்களை அங்கேயே மண்டியிட வைத்தார். நகர்மன்றத்தார் கறுப்பு உடையில் வெறுங்காலோடு வர, கலகத்தில் தீவிரமாக நின்றவர்களில் 50 பேர் வெறும் வெள்ளைச் சட்டையோடு, கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு நடந்து வந்தார்கள். உரிமைகள் எல்லாம் போயின, ஊரின் பெரிய மணியான ரோலண்டும் போனது, பாவோ மடாலயத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊரை அடக்கிவைக்க ஒரு கோட்டை எழும்பியது. மன்னர் முழுசாகவே ஜெயித்தார், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நீ அனுப்பிய இன்னொரு வீடியோவில், ஜூலைத் திருவிழாவில் அதே வெள்ளைச் சட்டை, அதே கயிறு, வெறுங்கால், ஊர்வலமாகப் போகிறார்கள். 'கயிறு சுமப்பவர்கள்' என்பது இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டப்பெயர். அதில் ஒரு தாத்தா கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார், அதை நான் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன்.

கடைசியாக, காட்டுவதற்கென்று தேங்காய்நார்க் கயிறு கொண்டுவந்து கொடுத்தவருக்கு நன்றி. சும்மா ஒரு நிமிஷம்தான் கழுத்தில் போட்டேன், சாயங்காலம் வரை அரித்தது. அவசரத்தில் அதை என் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், யாருடையது என்று சொன்னால் அடுத்த கூட்டத்தில் கொடுத்துவிடுகிறேன்.