ஸ்டுட்கார்ட் கிளம்பும் மகளுக்கு

கோத்தகிரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நாலைந்து நாளாக மூடுபனி விடவில்லை, துணி காயவில்லை, அவ்வளவுதான் குறை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை ஒப்பந்தத்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி, பென்சிலும் கையுமாக வரிவரியாகப் படித்தேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

நீங்கள் ஜெர்மனிக்குப் போவதில் எனக்கு முழுச் சம்மதம். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, நடுராத்திரிப் பூசை முடிந்து வந்த பிறகும், சிக்னல் கிடைக்கிற பின்வாசல் படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீ யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். "லீவுதானேடி?" என்று அம்மா கேட்டதற்கு, "லீவுதாம்மா, ஆனா ஆன்-கால்" என்றாய். இந்தப் பிள்ளை வேறு இடம் பார்க்கத்தான் வேண்டும் என்று அன்றைக்கே என் மனசில் முடிவாகிவிட்டது.

நான் எஸ்டேட் ஆபீஸில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு எழுதிப் பிழைத்தவன். அப்போது 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத அக்காமாருக்குக்கூட அந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். ஒரு நாள் குறைந்தாலும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்கள். உனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று கேட்டால், "போர்ட்டல்ல பாக்கணும்ப்பா" என்கிறாய். அங்கே போனால் நீயும் அந்த அக்காமார் மாதிரி ஜன்னலில் வந்து நிற்க வேண்டும். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத்தான் அது கைக்கு வரும்.

ஜெர்மனியில் வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு வருஷத்தில் குறைந்தது 20 நாள் லீவு என்று சட்டமே சொல்கிறது. உன் ஒப்பந்தத்தில் 30 போட்டிருக்கிறார்கள், சந்தோஷம். தினம் எட்டு மணி நேரம் வேலை. பத்து வரை நீட்டலாம், ஆனால் ஆறு மாதச் சராசரி எட்டைத் தாண்டக் கூடாது. இன்று வேலை முடித்து நாளை தொடங்குவதற்கு நடுவில் 11 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. லீவில் இருக்கும்போது காய்ச்சல் வந்து, டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டால், அந்த நாட்கள் லீவில் கழியாது. செக்ரோல் எழுதியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இனி பென்சிலால் கோடு போட்ட இடங்களுக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் யாரும் யாரையும் விடலாம். முழு வருஷ லீவு உரிமையும் ஆறு மாதம் முடிந்த பிறகுதான் வரும். அதனால் வருகிற கிறிஸ்துமஸுக்குக் கோத்தகிரி வருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதே, அம்மாவுக்கும்கூட. இன்னொரு வரியில், கூடுதல் நேர வேலைக்கான ஊதியம் மாதச் சம்பளத்திலேயே அடங்கும் என்று இருக்கிறது. எத்தனை மணி நேரம் வரை என்று இல்லை. அதைக் கேட்டு எழுத்தில் வாங்கு. கூடவே, எந்த ஊர் வாடிக்கையாளரோடு வேலை என்றும் கேள். கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் ஸ்டுட்கார்ட்டில் மாலை ஆறு. பெங்களூரில் எதிலிருந்து ஓடுகிறாயோ அதுவே அங்கேயும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

காகிதத்தின் அருமை நம் வீட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் நம்முடையது. ஆயாவின் பேர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் இருந்ததற்காகத் தாத்தா ஏறாத படி இல்லை. இப்போது உன் காகிதங்களை எடுத்துப் பார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், பட்டத்தில் முன்னால், பாஸ்போர்ட்டில் என் பேர் முழுசாகக் குடும்பப் பேர். பேரனுக்கு மாப்பிள்ளையின் பேர், மாப்பிள்ளைக்குச் சம்பந்தியின் பேர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பேர். நமக்கு இது இயல்பு. அங்கே கவுண்ட்டரில் இருப்பவருக்கு இவர்கள் ஒரே குடும்பமா என்று சந்தேகம் வரும். திருத்த வேண்டியதை இங்கே இருக்கும்போதே திருத்திவிடு, திருத்த முடியாததற்கு அஃபிடவிட் எடுத்துவிடு. கோயிலில் கொடுத்த திருமணச் சான்றிதழோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். பேரனின் பிறப்புச் சான்றிதழில் அம்மா, அப்பா இருவர் பேரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார். உன் பல்கலைக்கழகம் அங்கே அங்கீகாரம் பெற்றதா என்பதை அனாபின் என்ற அவர்களுடைய தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வை.

நீ போவது ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் வேலை அனுமதியில். 27 மாதம் வேலை செய்து ஓய்வூதியச் சந்தா கட்டி, ஏ-1 என்ற தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். பி-1 என்ற நடுத்தர நிலை அளவு தெரிந்தால் 21 மாதம் போதும். அதுவரை உன் விசா வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வேலை போனாலும் உடனே சொல்ல வேண்டும். பி-1 வரை படித்துவிடு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மாப்பிள்ளைக்கு மொழி உன்னைவிட அவசரம். உன் ஆபீஸில் ஆங்கிலம் ஓடும். அவருக்கு அங்கே எந்த வேலையும் பார்க்க அனுமதி உண்டு, ஆனால் வேலை கிடைப்பது மொழியில்தான் இருக்கிறது. பேரனின் பள்ளி, டாக்டர், தபாலில் வருகிற கடிதம் எல்லாமே ஜெர்மனில்தான். பெங்களூரு மாக்ஸ் முல்லர் பவனில் இப்போதே சேரச் சொல். இத்தனை வருஷம் சம்பாதித்த மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வருகிறார். முதல் மாதங்களில் அவர் வீட்டில் இருப்பார், நீ ஆபீஸ் போவாய். அவர் மனசு சுருங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. அவர் எப்போது வேலை தேடத் தொடங்குவார், அதுவரை வீட்டுச் செலவுக்குக் கணக்கு எப்படி என்று விமானம் ஏறும் முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டு வேலையையும் சேர்த்துப் பேசுங்கள். சமைக்கிற அக்கா, வீடு துடைக்கிற அக்கா, பேரனைப் பார்த்துக்கொள்கிற சம்பந்தியம்மா, மூவரும் அங்கே இல்லை. ஆபீஸ் உனக்குத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் பாதியை வீடு எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், அரிசி பருப்பை சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கம் பல குடியிருப்புகளில் மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பெருக்குவார்களாம். நம் முறை வந்தால் நாம்தான் பெருக்க வேண்டும். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நகரங்களில் இடம் லேசில் கிடைப்பதில்லை. விசா வருவதற்காகக் காத்திருக்காமல் விண்ணப்பித்து வை.

பண விஷயம். ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தொகையை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மலைக்காதே. வருமான வரி, ஓய்வூதியத்துக்கு உன் பங்கு 9.3 சதவீதம், மருத்துவக் காப்பீட்டில் பாதி என்று பிடித்தம் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டலாம். மருத்துவக் காப்பீட்டில் ஒரு நன்மை உண்டு. அரசுக் காப்பீட்டில் சேர்ந்தால், சம்பாதிக்காத கணவரும் பிள்ளையும் தனிச் சந்தா இல்லாமல் அதிலேயே வருவார்கள். வாடகையை, வீட்டைச் சூடாக்கும் செலவு இல்லாமல் ஒரு தொகை, அதையும் சேர்த்து ஒரு தொகை என்று சொல்வார்கள். எது என்று கேட்டுக்கொள். முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம், அதை மூன்று தவணையாகக் கட்ட உனக்கு உரிமை உண்டு. பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராக இருக்குமாம், அடுப்பும் தொட்டியும்கூட நாமே போட வேண்டும். முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே இவ்வளவும் வரும். நாலு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் கிளம்பாதே.

பெங்களூரு ஃப்ளாட்டின் இ.எம்.ஐ. பற்றி எனக்குக் கவலை அதிகம். அதை வாடகைக்கு விட்டுக் கட்டலாம் என்கிறாய். வாடகை வராத மாதம் வரும். கடன் முதுகில் இருந்தால் பிடிக்காத வேலையையும் விட முடியாது, கூடுதல் நேரத்துக்கு மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. எதற்காகப் போகிறாயோ அது அங்கேயே கெட்டுவிடும். விற்றுவிட்டுப் போ என்பதுதான் என் எண்ணம்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காதே. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017 மே 1 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. ஓய்வூதியத் தகுதிக்கு இரண்டு நாட்டிலும் வேலை செய்த காலத்தைச் சேர்த்துப் பார்க்க அதில் வழி உண்டு. பி.எஃப். கணக்கிலும் பேர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வங்கியில் எழுதிக் கொடு.

போய் வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால், அந்த மாநிலத்தில் உன் வருமான வரியில் 8 சதவீதம் கோயில் வரியாகப் போகும். ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நாம், உள்ளதை எழுது. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்துத் திகைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

குளிர் உனக்குப் புதிதில்லை. தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி பார்த்து வளர்ந்தவள். இருட்டுதான் புதிது. டிசம்பரில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கே பொழுது சாயும். மதியச் சாப்பாட்டு வேளையில் வெளியே நட, பேரனையும் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் தினமும் ஜன்னலை அகலத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்று. பூசணம் பிடித்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கை வைப்பார். நம் வீட்டு பீரோவைத் துடைத்துப் பழகியவளுக்கு அது கஷ்டமில்லை.

நம் அரை ஏக்கர் தேயிலை. வெளிநாட்டில் குடியேறிய பிறகு விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் நீ விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வந்தால்தான் உண்டு. இந்தியாவில் குடியிருக்கும்போதே உன் பேரில் இருந்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். அதனால் உன் பங்கை நீ கிளம்பும் முன்பே செட்டில்மென்ட் எழுதிவிட நினைக்கிறேன். தம்பியிடம் பேசிவிட்டேன், "அக்கா பங்கு அக்காவுக்குத்தான்" என்றான். பச்சைத் தேயிலை விலை எப்படி இருந்தாலும் சரி, உனக்கு இந்த மலையில் கால் வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

எங்களைப் பற்றி யோசித்துத் தயங்காதே. அம்மாவின் முழங்காலுக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பெரிய வைத்தியம் என்றால் கோவையில் தம்பி இருக்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் மட்டும் கொஞ்சம் சிரமம். அதற்காக அந்த மாதங்களில் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம். ஒரு வருஷத்துக்கு எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ கூப்பிடு, இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. நீங்கள் அங்கே நிலைத்த பிறகு ஒரு கோடையில் நாங்கள் வருகிறோம். 180 நாளில் 90 நாள் தங்கலாமாம், பேரனோடு இருக்க அது போதும்.

வருகிற புதன்கிழமை பத்திர எழுத்தரைப் பார்க்கப் போகிறேன். உன் ஆதார், பான் நகலை அதற்குள் அனுப்பு. கூடுதல் நேரம் பற்றிய அந்த வரிக்கு அவர்கள் எழுத்தில் பதில் தந்த பிறகு கையெழுத்துப் போடு.

பேரனுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
அப்பா