தோல் எடுத்த இடத்துல ஒட்டுன மஞ்சள் துணிய பிச்சு எடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த தீக்காயம் பத்தின கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். பேஸ்ட், காப்பித்தூள், இங்க் எதையும் அப்பாதீங்க, 20 நிமிஷம் குழாய் தண்ணில காட்டுங்கன்னு அழுத்தி சொன்னதுக்கு ரொம்ப நன்றி. ஆனா கடைசில "கட்டு தினமும் மாத்தணும்"னு பொதுவா ஒரு வரி வந்துருக்கு. அது எல்லா புண்ணுக்கும் பொருந்தாதுங்க. அப்படி நெனச்சு நான் செஞ்ச ஒரு காரியத்தால எங்க அம்மா பட்ட வலி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அதனாலதான் எழுதுறேன்.

அம்மாவுக்கு ஊர் நாகப்பட்டினம். எனக்கு ரெண்டாவது குழந்தை பொறந்தப்போ உதவிக்கு இங்க நியூ ஜெர்சி வந்திருந்தாங்க. ஒரு நாள் அப்பளம் பொரிக்கும்போது வாணலி சாஞ்சு சுடு எண்ணெய் இடது முன்கை முழுக்க கொட்டிருச்சு. காயம் ஆழம், தோல் ஒட்டு வைக்கணும்னு சொல்லி வலது தொடையிலேர்ந்து தோல் எடுத்து கையில வச்சாங்க. எடுக்குறது மெல்லிசா சீவுன மாதிரிதான், ஒரு அங்குலத்துல 100ல ஒரு பங்கு கனம் இருக்கும், ஆனா கீழ இருக்கற நரம்பு நுனியெல்லாம் திறந்து போயிடறதால ஒட்டு வச்ச கைய விட தோல் எடுத்த தொடைதான் அதிகமா எரியுது. இத யாரும் எங்களுக்கு முன்னாடியே சொல்லல.

அந்த தொடை மேல ஒரு மஞ்சள் துணி ஒட்டியிருந்துச்சு. வாஸ்லின் தடவுன மாதிரி பிசுபிசுன்னு, லேசா மருந்து வாசம். அம்மா அத பாத்துட்டு "மஞ்சள் அரைச்சு போட்டுருக்காங்களாடி"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. அது பேரு ஜெரோஃபார்ம் காஸ் (காஸ்னா மெல்லிசான வலைத்துணி). வாஸ்லின்ல 3 சதவீதம் பிஸ்மத் ட்ரைப்ரோமோபீனேட் கலந்து துணில ஏத்தி வச்சது, அந்த மஞ்சள் நெறம் அந்த உப்போடது. கவர்ல அந்த பேர படிச்சதும் எனக்கு +2 கெமிஸ்ட்ரி லேப்தான் ஞாபகம் வந்துச்சு. பினால் கரைசல்ல செம்பழுப்பா இருக்கற ப்ரோமின் தண்ணிய சொட்டு சொட்டா விடுவோம்ல, கலர் போயி வெள்ளையா வீழ்படிவு இறங்கும், நோட்ல "பினால் உள்ளது"ன்னு எழுதி கையெழுத்து வாங்குவோம். அந்த வெள்ளைப் பொடிதான் ட்ரைப்ரோமோபினால். அதோட பிஸ்மத் சேந்தா இந்த மஞ்சள் மருந்து. 1890கள்லயே ஜெர்மனில, அப்போ புண்ணுக்கு போட்டுக்கிட்டிருந்த அயோடோஃபார்ம்ங்கற மருந்துக்கு பதிலா இத கொண்டு வந்துட்டாங்க, ஏன்னா அயோடோஃபார்ம் நாத்தம் தாங்காது. ரஷ்யால விஷ்னெவ்ஸ்கி களிம்புன்னு ஒண்ணு உண்டு, 1927ல விஷ்னெவ்ஸ்கிங்கற சர்ஜன் போட்டது, பிர்ச் மரத்து தார், ஜெரோஃபார்ம், மீதி முக்கால்வாசிக்கு மேல நம்ம விளக்கெண்ணெய்தான். ரெண்டாம் உலகப்போர்ல சிப்பாய்ங்க புண்ணுக்கெல்லாம் அதுதான் போட்டாங்க. அங்க மெடிசின் படிக்கப் போன நம்ம பிள்ளைங்கள கேட்டா அந்த தார் வாசத்த சொல்லுவாங்க.

ப்ரோமின்னு சொன்னதும் அம்மா பயந்துட்டாங்க, "ஒடம்புக்குள்ள போயிராதா"ன்னு. அம்மாவுக்கு புரியற மாதிரி சொல்லணும்னு கடல் இறால வச்சு சொன்னேன். கடல் இறால்ல அந்த தனி ருசி வர்றதுக்கு ட்ரைப்ரோமோபினாலும் அது வகையில இன்னும் சிலதும் ஒரு காரணம், கடல் பாசிலயும் புழுவுலயும் இயற்கையாவே இருக்கு, அத தின்னு இறாலுக்கு வருது, கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்குலதான். தீவனம் போட்டு வளக்கற பண்ணை இறால்ல அது ரொம்ப கம்மி. "அதான் குளத்து இறால் சப்புன்னு இருக்கு"ன்னு அம்மா உடனே சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த துணிய பாத்து பயப்படல. (அந்த துணில இருக்கற மருந்துக்கு அலர்ஜி இருக்கறவங்களுக்கு அது ஆகாது, அத டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.)

இப்போ நான் செஞ்ச தப்பு. வீட்டுக்கு வந்து நாலாவது நாள், துணி காஞ்சு மொறமொறன்னு ஆயிருச்சு, ஓரம் சுருண்டு பாவாடைல மாட்டி இழுக்குது, அம்மாவுக்கு அரிப்பு தாங்கல. ஆஸ்பத்திரில குடுத்த பேப்பர் நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ், கைக்குழந்தைய வச்சுக்கிட்டு நான் கைக்கு கட்டு மாத்தற பக்கத்த மட்டும் படிச்சிருந்தேன். தொடைக்கும் அதுமாதிரிதான்னு நெனச்சு வெதுவெதுப்பான தண்ணிய ஊத்தி ஊத்தி ஒரு மூலைலேர்ந்து இழுத்தேன். ரெண்டு விரக்கடை வந்துச்சு, அதுக்குள்ள கீழ குத்து குத்தா ரத்தம் பூத்துருச்சு. அம்மா கத்தல, கட்டில் சட்டத்த இறுக்கி புடிச்சுக்கிட்டாங்க. நான் அப்படியே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி அழுதேன்.

மறுநாள் அங்க இருந்த நர்ஸ் பொறுமையா விளக்கினாங்க. அந்த துணி காஞ்சு ஒட்டிக்கறதுதான் அதோட வேலையே, அதுதான் தற்காலிக தோல், அதுக்கு அடியில புதுத்தோல் வளந்துக்கிட்டு இருக்கு, நாம இழுத்தா புதுத்தோலும் சேந்து வரும். செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, தானா தூக்கிக்கிட்டு நிக்கிற ஓரத்த மட்டும் சின்ன கத்திரில வெட்டி விடணும், நகம் வெட்டற மாதிரி. ரெண்டு வாரத்துல தன்னால உதிரும். ஆனா துணிக்கு அடியில சீழ் கட்டுனா, கெட்ட நாத்தம் வந்தா, சுத்தி சிவப்பு பரவுனா, காய்ச்சல் அடிச்சா காத்திருக்கக் கூடாது, உடனே காமிச்சுடணும். கிருமிய கொல்றதுல இந்த மருந்து எவ்ளோ தூரம் உதவுதுன்னு டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு, அதனால மருந்து துணி இருக்கேன்னு அலட்சியமா இருந்துடக்கூடாது.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தியாவது போடுங்க: ஒட்டு வச்ச இடம் வேற, தோல் எடுத்த இடம் வேற, ரெண்டுக்கும் பராமரிப்பு வேற. நம்ம ஊர்ல பாரஃபின் காஸ் (வாஸ்லின் மாதிரி பிசுக்கு ஏத்துன வலைத்துணி) வச்சு விட்டவங்களும் டாக்டர கேக்காம அத வீட்ல பிரிக்க வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும்போது "இந்த துணிய நாங்க எடுக்கணுமா, தானா விழணுமா"ன்னு நர்ஸ்கிட்ட வாய்விட்டு கேட்டு, பதில தமிழ்லயே ஒரு சீட்டுல எழுதி பீரோ கதவுல ஒட்டி வைக்கச் சொல்லுங்க. அம்மா விஷயத்துல அத நான் அஞ்சாவது நாள்தான் செஞ்சேன்.

நான் இழுத்த அந்த மூலை மட்டும் ஆற இன்னும் ஒரு வாரம் கூட ஆச்சு. மத்த இடமெல்லாம் பதினஞ்சாவது நாள் குளிச்சுட்டு வரும்போது துண்டோட வந்துருச்சு, அம்மா அத உள்ளங்கைல வச்சு எடுத்துட்டு வந்து "இந்தா, நானா ஒண்ணும் பண்ணல"ன்னு காமிச்சாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நியூ ஜெர்சி