தாங்கியின் மேல் ஒரு கைத்துவக்கு

டோட்முண்ட்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் கதைத்தபோது, "கைத்துவக்கைத் தாங்கியில் வைத்துச் சுடுவதை எப்படியப்பா போட்டி என்று சொல்வது?" என்று கேட்டாய். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. சொல்ல வேண்டியது தொலைபேசிக்குள் அடங்காது என்றும் பட்டதால் எழுதுகிறேன்.

நீ ரொறன்ரோவுக்குப் போகுமுன் என்னைப் பார்த்ததெல்லாம் ஒரு கையால் சுடுபவனாகத்தான். ஏறக்குறைய ஒரு கிலோ பாரமுள்ள காற்றழுத்தக் கைத்துவக்கைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்து, 10 மீற்றர் தூரத்தில் உள்ள அட்டையை நோக்கி 60 முறை சுடவேண்டும். மற்றக் கைக்கு அதில் வேலையே இல்லை. தொழிற்சாலையில் பாரம் தூக்கித் தேய்ந்திருந்த என் வலது தோளின் தசைநார் 63ஆவது வயதில் கிழிந்தது. அதைத் தைத்துச் சரியாக்கினார்கள், ஆனால் நீட்டிய கையில் அன்று வந்த நடுக்கம் இன்றுவரை போகவில்லை. அதன்பின் ஒரு வருடம் கழகத்துப் பக்கமே நான் போகவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், உனக்குச் சொல்லவில்லை. தாங்கியில் வைத்துச் சுடுவது ஆட்டம் முடிந்தவர்களின் வேலை என்று அப்போது நானும் நினைத்தேன்; ஆகவே உன் கேள்வியில் எனக்கு வருத்தமில்லை.

இங்கே இதற்கு 'அவுஃப்லாக' என்று பெயர். 1861இல் கோத்தா நகரில் தொடங்கப்பட்ட ஜேர்மன் சுடுவோர் சம்மேளனம் இதற்கென்று தனி விதிகள் வகுத்து, மூத்தவர்களை வயதுவாரியாகப் பிரித்து, நாடளாவிய போட்டியும் நடத்துகிறது. தாங்கி தாங்குவது துவக்கின் பாரத்தை மட்டுமே. துவக்கின் அடிப்பகுதி அதன்மேல் சும்மா இருக்கவேண்டும். கை தாங்கியைத் தொடக்கூடாது. தொலைநோக்கிக் கண்ணாடி எதுவும் பொருத்த முடியாது. மீதி எல்லாம் சுடுபவரின் பொறுப்பு.

அந்த மீதி எவ்வளவு பெரியது என்பதைத்தான் நான் உனக்கு விளக்க விரும்புகிறேன். குழாயின் நுனியில் ஒரு குறிமுள்ளும் பின்பக்கத்தில் ஒரு பள்ளமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 32 சென்ரிமீற்றர். பள்ளத்தின் நடுவில் நிற்கவேண்டிய முள் ஒரேயொரு மில்லிமீற்றர் விலகி நின்றால், அந்தப் பிழை 10 மீற்றர் போய்ச் சேரும்போது 31 மில்லிமீற்றராகப் பெருகி, பத்துப் புள்ளி வட்டத்தில் விழவேண்டிய சன்னம் ஏழுப் புள்ளி வட்டத்தில் போய் விழும். எந்தத் தாங்கியும் இதைத் திருத்தித் தராது. பத்தாம் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர்தான், நமது சட்டைப் பொத்தான் அளவு. என் வயதுக் கண்ணுக்கு முள்ளும் அட்டையும் ஒருங்கே தெளிவாகத் தெரிவதில்லை. முள்ளைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டு, அட்டை ஒரு கரிய மங்கலாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். சுட வேண்டிய பொருளைப் பாராமல் சுடுவதற்கு மனம் இணங்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

இன்னொன்றையும் கேள். நான் ஒரு கையால் சுட்ட காலத்தில் பத்தின் விளிம்பைத் தொட்டாலும் பத்து, நடுவில் விழுந்தாலும் பத்து. தாங்கியில் வைத்தவுடன் அந்தச் சலுகை போய்விட்டது, பத்துக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை தசமத்தில் எண்ணுகிறார்கள். ஒரு தசமம் என்பது நடுவிலிருந்து 0.8 மில்லிமீற்றர் விலகல். 30 சூட்டுக்கு உச்சப் புள்ளி 327.0. முன்பு கையோடு போராடினேன், இப்போது என் அவசரத்தோடு போராடுகிறேன். 500 கிராம் அழுத்தத்தில் விடுபடும் விசையை, 'இதோ வந்துவிட்டது' என்று மனம் துள்ளும் கணத்தில் விரல் வெடுக்கென்று இழுத்துவிடும். தாங்கியில் முள் அசையாமல் நிற்பதால் அந்தத் துள்ளல் இன்னும் கூடுகிறது, ஏனெனில் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிகிறது. கை நடுங்கிய காலத்தில் பிழையை நடுக்கத்தின்மேல் போடலாம். இப்போது போட இடமில்லை.

பதினான்கு வயதில் நீ கேட்ட வேறொரு கேள்விக்கும் நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. துவக்குச் சத்தத்துக்குத் தப்பி ஓடிவந்தவர் துவக்கைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டாய். 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்த எனக்கு, முதல் நாள் சூட்டு மண்டபத்தின் வாசலில் கால் கூசியது உண்மை. உள்ளே கண்டது வேறு. சூட்டின் சக்தி 7.5 ஜூலுக்கு மேற்படாது என்று காட்ட, ஐங்கோணத்துக்குள் 'எஃப்' முத்திரை குத்திய கருவி. சன்னம் உள்ளே இல்லை என்று எல்லாரும் காணும்படி குழாய்க்குள் ஓடும் நிறக்கயிறு. பொறுப்பாளர் சொல்லும்வரை அதை ஒருவரும் உருவுவதில்லை. எந்த மனிதரையும் நோக்கித் துவக்கு திரும்பாத ஓர் இடத்தை என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். அதனால்தான் மறுபடியும் போனேன்.

சென்ற பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் 51 வயதில் காற்றழுத்தக் கைத்துவக்குக் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றதை நீதான் எனக்குப் படத்தோடு அனுப்பினாய். அதே பாரிஸில் ஜோர்ஜியாவின் நீனோ சலுக்வாட்சே 55 வயதில் தன் பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அவரும் அவருடைய மகனும் ஒரே நாட்டுக்காகச் சுட்டிருக்கிறார்கள். அதை வாசித்த அன்று உன்னை நினைத்தேன்.

நீ வரும்போது ஒரு புதன்கிழமை மாலையை எனக்காக ஒதுக்கி வை. உன் சகோதரன் கூட வரட்டும். நீ முதலில் கையை நீட்டிச் சுடு, பிறகு தாங்கியில் வைத்துச் சுடு. எது கடினம் என்று அப்போது நீயே சொல். இத்துடன் நேற்றுச் சுட்ட அட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். ஐந்து துளைகளில் நான்கு பத்தில் இருக்கின்றன. ஐந்தாவது ஏழில் விழுந்தது. விசையை அழுத்தும்போது உன் கேள்விக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அப்பா